விரல் நுனிக்கு எழுத்தறிவிப்பவர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையில் ‘சிறப்பாசிரியர்’ என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிப்பவர் என்றே பொருள். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் கற்றுத்தருபவர் ‘சிறப்புப் பயிற்றுநர்’ என்ற வேறொரு பெயரில் அரசுத் தாள்களில் இருக்கிறார். ஊரார் அவரை இந்த இரண்டு பெயராலும் அழைப்பதில்லை. ‘பாவம், அந்தப் பிள்ளைகளுக்குச் சேவை செய்கிறார்’ என்பதுதான் அவரைப் பற்றிய அறிமுகம். இந்த அறிமுகமே ஒரு தொழிலை நலிய வைத்தது என்பது என் முடிவு. சேவை என்று பெயர் சூட்டிய வேலைக்கு நியாயமான ஊதியம் கேட்பது கூச்சத்துக்குரிய செயலாகிவிடுகிறது. அதைச் செய்ய நல்ல மனம் போதும், நீண்ட பயிற்சி வேண்டியதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பார்வையற்ற மாணவருக்குக் கற்பிப்பது தனி நுட்பங்கள் நிறைந்த தொழில். அதை ஒருவர் வாழ்நாள் பணியாக ஏற்க வழி செய்யாதவரை அந்தப் பிள்ளைகளின் கல்வி பாதியிலேயே நிற்கும்.

அந்த வேலை எதையெல்லாம் கோருகிறது? பார்வையற்றோர் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான பெர்தோல்டு லோவன்ஃபெல்டு, பார்வையின்மை ஒருவரை மூன்று வகையில் கட்டுப்படுத்துகிறது என்று 1948இல் எழுதினார். அனுபவங்களின் பரப்பும் வகையும் சுருங்குகின்றன. நினைத்த இடத்துக்குப் போய்வரும் ஆற்றல் குறைகிறது. சூழலின் மீதும் அதில் தன் இருப்பின் மீதும் உள்ள பிடி தளர்கிறது. கண் பார்க்கும் குழந்தை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்பவை ஏராளம். சோற்றைப் பிசைந்து உருட்டுவது, கடையில் சில்லறை எண்ணிக் கொடுப்பது, பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்புவது, வரிசையில் முன்னால் நிற்பவர் நகர்ந்ததும் நகர்வது எல்லாம் கண்வழியே தாமாக வந்து சேர்பவை. பார்வையற்ற குழந்தைக்கு இவை ஒவ்வொன்றையும் ஒருவர் கையோடு கை வைத்துக் கற்றுத்தர வேண்டும். இதைக் கருத்தில் கொண்டுதான் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிலிப் ஹாட்லன் 1996இல் விரிவான பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தார். இன்று அதில் ஒன்பது பகுதிகள் இருக்கின்றன. பிரெயில் முதலான கற்றல் திறன்கள், நடமாட்டம், பிறரோடு பழகுதல், அன்றாட வாழ்க்கைத் திறன்கள், பொழுதுபோக்கு, தொழில் அறிமுகம், உதவிக் கருவிகள், எஞ்சிய புலன்களைத் திறம்படப் பயன்படுத்துதல், தன் முடிவைத் தானே எடுத்தல் ஆகியவை அவை. தமிழ், கணக்கு, அறிவியல் என்று எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பாடங்களுக்கு மேல் இந்த ஒன்பதும் வருகின்றன. பள்ளி நாளின் நீளமோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

இவற்றில் நடமாட்டப் பயிற்சி மட்டுமே ஒரு தனிக் கலை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் உருவாக்கிய நீண்ட வெண்கோல் முறைதான் இன்றும் உலகெங்கும் அதன் அடிப்படை. கோலின் நுனி தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடமும் வலமும் வீசப்பட வேண்டும். வலக்கால் முன்வைக்கும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும், இடக்கால் வைக்கும்போது வலப்பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்னதாகவே சோதித்துவிடும். நடைபாதை சீராக இருக்கும் ஊருக்காக வகுத்த இந்த முறையை, சாக்கடை மூடி திறந்து கிடக்கும், இருசக்கர வண்டி நடைபாதையிலேயே நிற்கும் நம் தெருவுக்கு ஏற்ப மாற்றிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரப் பயிலரங்கில் கற்றுக்கொண்டு வந்து ஒரு சிறுமியைச் சாலை கடக்கச் செய்துவிட முடியாது. இதில் பிழை நேர்ந்தால் உயிரே போகலாம்.

பிரெயிலுக்கு வருவோம். சிலேட்டும் ஸ்டைலஸும் கொண்டு எழுதும்போது புள்ளிகளைத் தாளின் பின்புறமிருந்து குத்த வேண்டும். ஆகவே மாணவர் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு எழுதி, பிறகு தாளைப் புரட்டி இடமிருந்து வலமாகப் படிக்கிறார். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழ்க் ககரத்துக்கு 1, 3 ஆகிய புள்ளிகள். ஆங்கில ‘கே’ எழுத்துக்கும் அவையே. அச்சில் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கும். பிரெயிலில் ககரமும் அதன்பின் ஒகரமும் ஒலிக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆனால் ‘க்’ என்ற மெய்யில், அச்சில் தலைமேல் இருக்கும் புள்ளி இங்கே எழுத்துக்கு முன்னால் தனிக் குறியாக வந்துவிடுகிறது. பார்வையற்ற ஏழு வயதுப் பிள்ளை எழுதிய ஒரு சொல் பிழையாக இருந்தால், அது எழுத்துப் பிழையா, சிலேட்டில் புள்ளி இடம் மாறிய பிழையா, மெய்க்குறி விட்டுப்போன பிழையா என்று பிரித்தறிய ஆசிரியரின் விரலுக்கோ கண்ணுக்கோ பிரெயில் சரளமாக ஓட வேண்டும். அது ஓடாத ஆசிரியர் அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடலாம், திருத்த முடியாது.

இந்த இடத்தில் பிரெயில் பிறந்த கதை ஒரு பாடத்தைச் சொல்கிறது. வாலன்டின் ஆயி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் தொடங்கிய பள்ளியில், வழக்கமான ரோமன் எழுத்துகளையே மேடாக அச்சிட்டுத் தடவிப் படிக்க வைத்தார்கள். பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது வசதி; அவர்களால் அதைக் கண்ணால் படிக்க முடிந்தது. மாணவரின் விரலுக்கோ அது பெரும்பாடு, எழுதுவதோ ஏறக்குறைய இயலாத காரியம். அதே பள்ளியின் மாணவராகி, பின்னர் அங்கேயே ஆசிரியரான லூயி பிரெயில் 1829இல் தன் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டார். பள்ளி நிர்வாகமே ஒரு கட்டத்தில் அதைத் தடை செய்தது. மாணவர்கள் மறைவாகப் பயன்படுத்தி அதைக் காப்பாற்றினார்கள். அவர் 1852இல் இறந்தபின் 1854இல்தான் பிரான்சில் அது முறையான ஏற்பைப் பெற்றது. ஆசிரியருக்கு எது எளிதோ அதைப் பிள்ளையின் மீது சுமத்தும் பழக்கம் எவ்வளவு பழையது, அதை மாற்ற எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு இந்தக் கால் நூற்றாண்டே சாட்சி.

இன்று அந்தப் பழக்கம் வேறு வடிவில் வருகிறது. ‘கைபேசியே படித்துக் காட்டுகிறதே, இனி பிரெயில் எதற்கு, அதைக் கற்பிக்க ஆள் எதற்கு’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2006இல் தொடங்கிய என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்களும், 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா மின்னூலகமும் பார்வையற்றோருக்கு முன்னால் திறந்த கதவுகள் மிகப் பெரியவை. அச்சு நூல்களைப் படிக்க முடியாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் கேட்பதும் படிப்பதும் ஒன்றாகிவிடாது. தமிழிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அரை, அறை, கரி, கறி, முந்நூறு, முன்னூறு. பெரும்பாலோர் பேச்சில் இந்த இணைகளுக்கு ஒலி வேறுபாடே இல்லை. செவிவழி மட்டும் படித்துவந்த மாணவருக்கு ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் எங்கே எது வரும் என்று தெரிய வழியே இல்லை. பார்வையுள்ள பிள்ளை எழுத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பெறும் அந்த அறிவை, பார்வையற்ற பிள்ளைக்கு விரல் மட்டுமே தர முடியும். கேள்வியால் வளர்ந்த மாணவர் அழகாகப் பேசுவார். ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் தடுமாறுவார். அமெரிக்காவில் ரூபி ரைல்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பிரெயிலை முதன்மை எழுத்தாகக் கற்ற பார்வையற்றோரிடையே வேலையில் இருப்போரின் விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நல்ல பள்ளியும் அக்கறையுள்ள பெற்றோரும் வாய்த்தவர்களே பிரெயிலையும் நன்றாகக் கற்றிருப்பார்கள், அதனால் வேலை பிரெயிலால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது என்ற திருத்தத்தோடுதான் இதைப் படிக்க வேண்டும். அந்தத் திருத்தத்தை ஏற்றாலும், எழுத்தறிவை ஒலிப்பதிவு கொண்டு ஈடுகட்டலாம் என்ற வாதத்துக்கு அந்த ஆய்வு எந்த ஆதரவும் தரவில்லை. திரைவாசிப்பானைப் பயன்படுத்தக் கற்றுத்தரவும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது கூடுதல் செய்தி.

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருளையே நினைக்கிறோம். உண்மையில் பார்வையற்றோர் என்று கருதப்படுவோரில் பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், நல்ல கண்ணில் கண்ணாடி அணிந்த பின்னும் 3/60க்குக் கீழே பார்வைத் திறன் உள்ளவரைப் பார்வையற்றவர் என்றும், 6/18 முதல் 3/60 வரை உள்ளவரைக் குறைபார்வையுடையவர் என்றும் வகைப்படுத்துகிறது. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகும் என்று நம்பி, அதைச் சேமித்து வைக்கும் வகுப்புகளை நடத்திய காலம் மேலைநாடுகளில் இருந்தது. பயிற்சியால் அந்தப் பார்வையின் பயன்பாடு கூடவே செய்கிறது என்று 1964இல் நடாலி பராகா காட்டியபின் அந்த நம்பிக்கை உடைந்தது. அப்படிப் பயிற்சி தருவதும் தனித் திறமைதான். எந்தப் பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எழுத்தின் அளவை விட்டு ஒளியையும் நிற வேறுபாட்டையும் கூட்ட வேண்டும், பார்வைப் புலம் சுருங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்தே இடைஞ்சலாவது எப்போது, பார்வை மங்கிக்கொண்டே போகும் பிள்ளைக்கு எந்த வயதில் பிரெயிலைத் தொடங்க வேண்டும் என்பவற்றை மருத்துவர் எழுதித்தரும் சீட்டிலிருந்து மட்டும் அறிய முடியாது. வகுப்பறையில் பிள்ளையைப் பல நாள் கவனித்த ஆசிரியருக்கே அது தெரியும்.

கணக்கில்தான் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத குறை மிகக் கொடியதாக வெளிப்படுகிறது. டெய்லர் சட்டம் என்ற எளிய கருவி இருக்கிறது: எட்டு முனை கொண்ட குழிகளில் சிறு உலோகக் கட்டைகளை எட்டுத் திசையில், இரு முனை மாற்றி நட்டு, ஒரே கட்டையால் பதினாறு குறிகளைக் காட்டலாம். கணிதத்துக்கென்று பார்வையற்ற கணிதவியலாளர் ஆபிரகாம் நெமத் உருவாக்கிய பிரெயில் குறியீடு 1952 முதல் இருக்கிறது. கோவையிலிருந்து இத்துறைக்கு வந்து, பார்வைக் குறைபாடுடையோர் கல்விக்கான பன்னாட்டு மன்றத்தை வழிநடத்திய எம். என். ஜி. மணி, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கணிதம் கற்பிப்பது பற்றி வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2005இல் ஒரு கையேடே எழுதியிருக்கிறார். வழி தெரியாமல் இல்லை. ஆனால் நெமத் குறியீடும் தெரிந்து, கணிதமும் தெரிந்த ஆசிரியர் அரிது. ஆகவே பிள்ளைக்குக் கணக்கிலிருந்து விலக்கு வாங்கித் தருவதே கருணை என்றாகிவிட்டது. விலக்குப் பெற்ற பிள்ளை மேல்நிலையில் கலைப் பிரிவுக்கும், கல்லூரியில் தமிழுக்கோ வரலாற்றுக்கோ ஒதுங்குகிறது. பட்டம் பெற்றபின் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கே காத்திருக்கிறது. பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பக் கோரிப் பார்வையற்ற பட்டதாரிகள் சென்னையில் திரும்பத் திரும்பப் போராடியதை நாம் செய்தியாகப் படித்தோம். அந்தப் போராட்டத்தின் வேர் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் இருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

நம் நாட்டில் இந்தத் தொழிலின் தொடக்கம் சமயத் தொண்டில் இருக்கிறது. ஆன்னி ஷார்ப் 1887இல் அமிர்தசரசில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி தமிழகத்துக்கு வழிகாட்டியது. பின்னாளில் பூவிருந்தவல்லி, திருச்சி, தஞ்சாவூர் போன்ற ஊர்களில் அரசுப் பள்ளிகள் வந்தன. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவினாசிலிங்கம் மகளிர் கல்வி நிறுவனமும் இத்துறைக்கு ஆசிரியர்களை உருவாக்கின. 1974இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தொடங்கிய பின், பார்வையற்ற பிள்ளைகள் தம் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கும் வழக்கம் மெல்ல வேரூன்றியது. இந்த முன்னோடிகளின் அர்ப்பணிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தொண்டர்கள் போட்ட அடித்தளத்தின்மேல் அரசு ஒரு தொழிலைக் கட்டியெழுப்பாமல், தொண்டையே தொடர்ந்து எதிர்பார்த்தது என்பதுதான் குறை. சட்டம் மட்டும் இதைத் தொழிலாகவே பார்க்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இப்பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தொடர்பயிற்சி பெற்ற சான்றுகளோடு புதுப்பிக்க வேண்டும். கடமையைச் சொல்லும்போது இந்த ஆசிரியரை மருத்துவருக்கு நிகராக வைத்த நாடு, ஊதியம் பேசும்போது அவரைத் தொண்டராக்கிவிடுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் தோறும் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்துவிட்டு, இன்னும் பணி நிரந்தரம் கேட்டு நிற்கிறார்கள். பத்தாண்டு அனுபவமும் முதல் ஆண்டு அனுபவமும் ஏறக்குறைய ஒரே மதிப்பைப் பெறும் வேலையில் திறமையானவர் எப்படித் தங்குவார்? அவர் வேறு தேர்வு எழுதிப் போய்விடுகிறார். பிள்ளை புதிய ஆசிரியரோடு முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது.

உள்ளடக்கிய கல்வியை ஆதரிப்போர் எழுப்பும் மறுப்பு இன்னும் ஆழமானது. பார்வையற்ற பிள்ளை எல்லோரோடும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும், தனி ஆசிரியரை வைத்தால் அது மறுபடி ஒதுக்கலில்தான் முடியும், வகுப்பாசிரியரையே பயிற்றுவித்தால் போதும் என்கிறார்கள். முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். எந்தப் பிள்ளையும் படிப்புக்காகத் தாய் தந்தையை விட்டு விடுதிக்குப் போகும்படி ஆகக் கூடாது. வகுப்பாசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லவும், படத்தை விளக்கவும், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் பழக வேண்டும். அதற்குச் சில நாள் பயிற்சி போதும். ஆனால் நாற்பது பிள்ளைகளைக் கையாளும் ஒருவர் பிரெயிலும் நெமத்தும் வெண்கோலும் கற்று, நாள்தோறும் ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தனியே ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. இங்கிலாந்தில் உள்ளடக்கிய கல்வி வலுவாக இருக்கிறது. அங்கும் பார்வையற்ற பிள்ளைகளின் வகுப்புக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்குத் தனிக் கட்டாயத் தகுதி வகுத்திருக்கிறார்கள். உடன் படிப்பதற்கான கருவியைக் கையில் கொடுப்பவர் சிறப்புக் கல்வி ஆசிரியர். அவர் இல்லாத உள்ளடக்கம், பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பதோடு நின்றுவிடுகிறது.

எண்ணிக்கையைச் சொல்லி மறுப்போரும் உண்டு. ஒரு பள்ளியில் பார்வையற்ற பிள்ளை ஒருவரோ இருவரோதான், அதற்காக ஒரு பணியிடமா என்பது நிதித் துறையின் கேள்வி. எத்தனை பிள்ளைகள் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 9.64 லட்சம், 2011இல் ஏறத்தாழ 1.27 லட்சம். ஒற்றைக் கண் பார்வை உள்ளவர்களை முதல் கணக்கு சேர்த்தது, இரண்டாவது விலக்கியது என்பது இந்த வீழ்ச்சிக்கு ஒரு பெரிய காரணம். வரையறை மாறியதற்கே இப்படித் தலைகீழாகும் எண்ணை வைத்துப் பணியிடம் வேண்டாம் என்று முடிவெடுக்கலாகாது. சிறிய எண்ணையே ஏற்றாலும் விடை எளிது: பணியிடத்தைப் பள்ளிக்குத் தராமல் மாவட்டத்துக்குத் தருவது. பிரெயிலும் கணிதமும் தெரிந்தவர், நடமாட்டப் பயிற்சியாளர், குறைபார்வை வல்லுநர் ஆகியோர் கொண்ட ஒரு குழு மாவட்டம் முழுதும் பள்ளிகளுக்குச் சுற்றிவரட்டும். அவர்களுக்குப் பதவி உயர்வுப் படிகளும் வேண்டும்: மூத்த பயிற்றுநர், மாவட்ட ஒருங்கிணைப்பாளர், பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர், பிரெயில் அச்சகப் பதிப்பாளர் என்று அந்த ஏணி போகலாம்.

இந்தப் பணிக்குப் பார்வையற்றவர்களே வரலாமா என்ற ஐயத்துக்குச் சட்டமே விடை தந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிரெயில் தகுதி பெற்ற மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தும்படி அரசுக்குச் சொல்கிறது. பிரெயிலை உருவாக்கியவரே பார்வையற்ற ஆசிரியர்தான். மதுரையில் 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவிய எஸ். எம். ஏ. ஜின்னாவும் பார்வையற்றவர். கோலோடு சாலை கடக்கும் ஓர் ஆசிரியரை நாள்தோறும் அருகில் அறியும் பிள்ளைக்கு, தன் எதிர்காலம் பற்றிக் கிடைக்கும் நம்பிக்கையை வேறு எந்தப் பாடமும் தராது.

பொதுப் பள்ளிகளில் தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், நடுநிலை, உயர்நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்க வேண்டுமென ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அது நடைமுறைக்கு வராததால் 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை முறையாக அறிவித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு மறுபடி ஆணையிட்டது. ஆனால் அந்த விகிதம் எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்தே எண்ணுகிறது. செவித்திறன் குறைந்தோருக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை நியமித்துவிட்டு, பார்வையற்ற பிள்ளைக்கும் ஆசிரியர் தந்தாயிற்று என்று கணக்கை முடித்துவிட அதில் இடமிருக்கிறது. சிறப்புக் கல்விப் பட்டங்களோ குறைபாட்டு வகை வாரியாகவே தரப்படுகின்றன. ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியர் அமைப்புகளுக்கும் என் வேண்டுகோள் இது: பணியிட அறிவிப்பு வரும்போது மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அதில் பார்வைக் குறைபாட்டுப் பிரிவுக்கென்று எத்தனை இடம், பிரெயில் தகுதி கட்டாயமா, அந்த இடங்கள் நிரந்தரமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.